கிள்ளான் சந்தில் பொன்னுருக்கு

கல்யாணமான நாளிலிருந்து தீபாவளித் துணி எடுக்கக் கிள்ளானுக்குப் போய் வருகிறேன். ஆனாலும் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஆற்றை நோக்கித் திரும்பும் அந்தச் சின்னத் தெருவுக்குள் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் துணிப்பையும் முறுக்குப் பொட்டலமுமாகக் கடக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு முனையில் பெரிய கட்டடம் ஒன்றின் முதுகு. மறுமுனையில் ஆற்றங்கரைச் சுவர். நடுவில் இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்று முடிப்பதற்குள் நடந்து முடித்துவிடலாம். "அதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டால் என் கணவர் "கடை இருக்கு" என்பார். அதோடு சரி. அவருக்கு எதையும் அறிந்துகொள்ளும் அரிப்பு கிடையாது. எனக்கு அது இரண்டு ஆளுக்கு உண்டு.

கடைசியில் அந்தத் தெருவுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது என் மகனின் தாலி.

எங்கள் முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு அரசாங்க வேலைக்கும் தோட்டக் கணக்கு வேலைக்கும் வந்தவர்கள். எங்கள் வழக்கத்தில் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. கல்யாணத்துக்கு முன் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில், இரண்டு வீட்டாரும் கூடியிருக்க, மாப்பிள்ளை ஒரு தங்கக் காசைப் பத்தரிடம் கொடுப்பான். பத்தர் எல்லோர் கண் முன்னாலும் அதை உருக்குவார். உருகிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுவார்கள். பெரியவர்கள் தொட்டு வாழ்த்துவார்கள். அதிலிருந்துதான் தாலி செய்யப்படும். பொன் உருகிய பிறகு தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. அதனால் பொன்னுருக்குக்குப் பெண்ணின் அப்பா வருவார், அம்மா வருவார், சித்தப்பா பெரியப்பா எல்லோரும் வருவார்கள். பெண் மட்டும் வர மாட்டாள்.

வீட்டில் உருக்க முடியாது என்பதுதான் முதல் சிக்கல். நாங்கள் இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். கூரை முழுக்கப் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி. ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதற்கே செக்யூரிட்டி கார்டு மேலே ஓடி வந்தார். பொன் உருக்குகிறோம் என்று சொன்னால் தீயணைப்பு வண்டியே வந்துவிடும். விசாரித்ததில் கிள்ளானில் ஒரு பத்தர், தன் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளலாம், இரண்டு குடும்பம் உட்கார இடம் இருக்கிறது என்றார். பட்டறை எங்கே என்று கேட்டேன். அந்தத் தெரு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மச்சாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா; மற்றவர்கள் நாத்தனார் என்று சொல்லும் உறவு. தாய் இல்லாத என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர். முப்பது வயதை ஒட்டிக் கணவனை இழந்தவர். பிறகு எங்களோடு வந்து, நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன காலமெல்லாம் என் மகனையும் அவரே வளர்த்தார். அவன் முதலில் பேசிய வார்த்தை "அம்மா" அல்ல, அத்தையைக் கூப்பிடும் "மாமி". அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் லேசாக எரியும்.

"பட்டறையில உருக்கினா அது மாப்பிள்ளை வீடா?" என்று மச்சாள் கேட்டார்.

நிறைகுடமும் குத்துவிளக்கும் எங்கள் வீட்டிலிருந்தே போகும், எங்கள் விளக்கு எரிகிற இடம் எங்கள் வீடுதானே என்று என் கணவர் சொன்னார். மச்சாள் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "சரி. ஆனா எல்லாம் முறையாய் நடக்கோணும். ஒண்டு பிசகினாலும் நான் கலியாணத்துக்கு வரமாட்டன்" என்றார்.

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறக்கிற ஆள் இல்லை. பெண்ணை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெண் துறைமுகத்தில் நல்ல வேலையில் இருந்தாள். ஆனால் அவள் அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டுகிறவர். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மச்சாள் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "நல்ல பிள்ளைதான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்த நிறுத்தத்தில் எல்லாம் இருக்கும். மாமி இல்லாமல் தாலி கட்டினால் என் மகன் அந்த நாளைச் சந்தோஷமாக நினைக்கவே மாட்டான். எனக்கோ அந்தப் பெண்ணை மிகவும் பிடித்திருந்தது. ஆகவே மச்சாள் சொன்னபடியெல்லாம் ஆடினேன். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கணும்" என்று என் கணவர் காதோரம் சொல்லிவிட்டுப் போனார்.

பெண் வீட்டாரை அழைப்பதையும் மச்சாளே எடுத்துக்கொண்டார். "மூத்தவள் நான் இருக்கேக்க நீ ஏன் சொல்லோணும்?" பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டார். "எல்லாரும் வாங்கோ. ஒருத்தரையும் விட்டிட்டு வரவேண்டாம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பரவாயில்லையே, இறங்கி வருகிறாரே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அன்று காலை மற்றவர்கள் காரில் வருவதாக ஏற்பாடு. நான் முன்னாலேயே கொமுட்டர் ரயிலில் போகிறேன், கூட்டிப் பெருக்கிக் கோலம் போட வேண்டாமா என்றேன். "கோலம் போடப் போறியா, கடைகடையா மூக்கை நுழைக்கப் போறியா?" என்றார் என் கணவர். கோலப்பொடியைத் தூக்கிக் காட்டிவிட்டு ரயில் ஏறினேன்.

அவர் சொன்னது உண்மைதான். கோலம் போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நேரமெல்லாம் எனக்குத்தான்.

கடைகளுக்கு முன்னால் கூரையோடு போகும் நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். அந்தத் தெருவில் அஞ்சடி ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு உயரம். ஒருவர் வீட்டு வாசலில் பச்சைப் பூப்போட்ட ஓடு, அடுத்தவர் வாசலில் வெறும் சிமெண்டு, அதற்கடுத்து சிவப்பு. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போக வேண்டும். ஏன் எல்லோரும் ஒரே மட்டமாகக் கட்டவில்லை? ஒரு கடையில் கப்பல் கயிறு விற்றார்கள். என் கை மணிக்கட்டை விடத் தடிமனான கயிறு, சுருட்டிச் சுருட்டி உத்தரம்வரை. அதற்கு எதிரே வெள்ளையடித்த புதுக் காப்பிக்கடை ஒன்று. அதன் சுவரில் தெருவையே சித்திரமாக வரைந்து வைத்திருந்தார்கள். இளைஞர்கள் நிஜத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சித்திரத் தெருவோடு படம் எடுத்தார்கள். இது எனக்கு விளங்கவே இல்லை.

பல வாசல்களின் இரண்டு நிலைக்கல்லிலும் நீளமாக ஒரு பள்ளம். விரலை விட்டுப் பார்த்தேன். பழைய காப்பிக்கடை ஒன்றின் சீன முதலாளி நான் விரல் விடுவதைப் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். இது எதற்கு என்று கேட்டேன். ஆறு ஏறினால் பலகையை அதில் செருகித் தண்ணீரைத் தடுப்பார்களாம். உயரம் ஏன் வேறு வேறு என்று கேட்டேன். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பணம் இருந்தவன் உயர்த்தினான், இல்லாதவன் அப்படியே விட்டான் என்றார். அண்ணாந்து பார்த்தேன். அஞ்சடியின் மேல்தளத்தில் ஒரு சதுர ஓட்டை, அதற்கு மரமூடி. அது? இரவில் யாராவது கதவைத் தட்டினால் மாடியிலிருந்து மூடியைத் திறந்து யாரென்று பார்த்துவிட்டுத்தான் இறங்கி வருவார்களாம். இந்த ஓட்டை என்னை மிகவும் கவர்ந்தது. நானாக இருந்தால் மூடவே மாட்டேன். ஆன்டி, பேப்பருக்கு எழுதுகிறவரா என்று அவர் கேட்டார். இல்லை, என் மகனுக்குக் கல்யாணம் என்றேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. நான் குடித்த காப்பிக்குக் காசும் வாங்கிக்கொள்ளவில்லை.

பட்டறைக்குத் திரும்பியபோது கார் வந்திருந்தது. பத்தர் டீஷர்ட் போட்டிருந்தார். காதில் போன், கையில் காஸ் குழாய். மச்சாள் அதற்குள் இடத்தைக் கைக்குள் கொண்டுவந்திருந்தார். நிறைகுடத்தில் மாவிலை சரியாக நிற்கிறதா, விளக்கு கிழக்குப் பார்க்கிறதா, தேங்காய்க்குக் குடுமி இருக்கிறதா, ஒவ்வொன்றும் அவர் கண்ணில் பட்டுத்தான் தப்பியது. "பொம்பிளை வீட்டார் எங்க? நேரம் போகுது" என்றார். பார்த்து வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

ஆற்றங்கரைச் சுவர்ப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் பெண்ணின் அப்பா இறங்கினார். வெள்ளைச் சட்டை, வேட்டி. பிறகு அம்மா, பழத்தட்டோடு. பிறகு பக்கக் கதவு விலகி, பச்சைப் பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக, கையில் பூத்தட்டோடு பெண் இறங்கினாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"லேட் ஆயிடுச்சா ஆன்டி? ரோட்ல பயங்கர ஜேம் லா" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். நான் அவளைப் பிடித்துக் கயிற்றுக் கடைத் தூணுக்குப் பின்னால் இழுத்தேன். அது அவ்வளவு சின்னத் தெரு. எங்கே நின்றாலும் எல்லோருக்கும் தெரியும். என் மகனோ மச்சாளோ பட்டறை வாசலுக்கு வந்தால் முடிந்தது.

"நீ எதுக்கும்மா வந்தே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது எப்படிக் காதில் விழும் என்று உறைத்தது. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"போன்ல எல்லாரையும் வரச் சொன்னாங்களே" என்றார் அவள் அம்மா. "ஒருத்தரையும் விட்டுடாதீங்கன்னு சொன்னாங்க. எங்க பக்கம் தாலிக்குத் தங்கம் வாங்கவே பொண்ணைக் கூட்டிட்டுத்தான் போவோம்."

மச்சாளின் கணக்கில் எல்லாரும் என்றால் பெண்ணைத் தவிர எல்லாரும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். பொன் உருகும்போது பெண் உள்ளே இருக்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்றேன்.

"ஏன் ஆன்டி?" என்றாள் அவள். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வாசல் நிலையின் பள்ளத்துக்கும் கூரையின் ஓட்டைக்கும் காரணம் கேட்டுக் காலை முழுக்க அலைந்தவள் நான். என் வீட்டுச் சடங்குக்கு ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "அப்படித்தான்மா" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

இதுவரை பேசாமல் நின்ற அவள் அப்பா வாய் திறந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"என் பொண்ணு வெளிய நிக்கணும். அதானே? எங்கப்பா எஸ்டேட்டுல கிராணி ஆபீசுக்குப் போனா வெளிய நின்னுதான் பேசுவாரு. உள்ள சிலோன்காரக் கிராணி நாற்காலியில இருப்பாரு. நான் சின்னதுல பாத்திருக்கேன். என் பொண்ணும் நிக்கணுமா?"

என் தாத்தாவும் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணிதான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. வெட்கத்தில் முகம் சுட்டது. அவர் மனைவியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு வேன் பக்கம் திரும்பினார். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துபோகும் என்றுதான் நினைத்தேன்.

திரும்பியவர் நடக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் திரும்பினேன். மச்சாள் நின்றிருந்தார்.

எங்களைத் தேடி வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. எங்களை அங்கே பார்த்ததில் அவரும் திடுக்கிட்டுப் போயிருந்தார். அவர் தேடி வந்தது நிற்பதற்கு ஓர் இடம். உள்ளே பத்தர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்திலும் அந்த நிமிடம் வரும்போது மச்சாள் இருக்க மாட்டார். மகனுக்குக் காது குத்தியபோது, புது வீட்டில் பால் காய்ச்சியபோது, எல்லாவற்றையும் ஓடி ஓடி ஒழுங்கு செய்துவிட்டு, சரியாக அந்த நேரத்தில் "அடுப்பில கறி இருக்கு" என்று சமையலறைக்குள் போய்விடுவார். இத்தனை வருடமும் நான் அதைக் கறி என்றே நினைத்திருந்தேன். இந்தப் பட்டறையில் சமையலறை இல்லை. அதனால் அஞ்சடிக்கு வந்துவிட்டார்.

பெண்ணின் சேலையைப் பார்த்தார், பூத்தட்டைப் பார்த்தார். "பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்றார்.

"நீங்கதானக்கா எல்லாரையும் வரச் சொன்னீங்க" என்றார் பெண்ணின் அம்மா. குரல் உடைந்திருந்தது.

பெண்ணின் அப்பா கையில் தட்டோடு நிற்பதை மச்சாள் பார்த்தார். அவர் கடைசியாகச் சொன்னது மச்சாளின் காதில் விழுந்திருக்கும். எவ்வளவு விழுந்ததோ தெரியாது.

"தம்பி," என்றார் அவரிடம், "நானும் வெளியிலதான் நிக்கிறன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"அவர் போன நாளிலயிருந்து இப்பிடித்தான். நான் வளர்த்த பிள்ளைதான் உள்ள நிக்கிறான். நான் பார்க்கப்படாது. உங்கட பிள்ளையைக் குறைவாய் நினைச்சு இல்லை."

பெண்ணின் அப்பா தட்டை மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கயிற்றுக் கடைக்குள் போனார். "பாஸ், உக்கார ஒரு பங்கு குடுங்க" என்று கேட்டு ஒரு பிளாஸ்டிக் முக்காலியோடு வந்தார். அதைத் தன் தோள்துண்டால் துடைத்து மச்சாளின் முன்னால் வைத்தார். "உக்காருங்கக்கா" என்றார்.

மச்சாள் உட்கார்ந்தார். பெண் பூத்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பட்டுச் சேலையைப் பற்றிக் கவலைப்படாமல், அவர் காலடியில் படியிலேயே உட்கார்ந்தாள். "நான் மாமிகூட இருக்கேம்பா. நீங்க உள்ள போங்க. டைம் ஆகுது" என்றாள். என் மகன் அவரை மாமி என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியிருக்கிறாள் போலிருக்கிறது. மச்சாள் அவளைக் குனிந்து பார்த்தார்.

நாங்கள் உள்ளே போனோம். நான் என் மகனின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவன் வாசல் பக்கம் திரும்பாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியே காசைப் பத்தரிடம் கொடுத்தான். மூசை என்ற சின்ன மண்கிண்ணத்தில் காசைப் போட்டுப் பத்தர் தீயைத் திருப்பினார். காசின் ஓரம் முதலில் மழுங்கியது. பிறகு திடீரென்று காசே இல்லை. கிண்ணத்தின் அடியில் ஒரு சிவந்த துளி உருண்டுகொண்டிருந்தது. நான் அதுவரை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் பத்தரை நூறு கேள்வி கேட்டிருப்பேன். அன்று என் காது முழுக்க அஞ்சடியில் இருந்தது. வெளியே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பெண் ஒரு முறை சிரித்தது மட்டும் கேட்டது.

பத்தர் பொன்னைச் சிறிது ஆறவிட்டு, பித்தளைத் தட்டில் வெற்றிலை மேல் வைத்து என்னிடம் நீட்டினார். "சூடு இருக்கு ஆன்டி, பாத்து" என்றார். அதைச் சபைக்குக் காட்ட வேண்டும். முதலில் என் கணவர் தொட வேண்டும், பிறகு பெண்ணின் அப்பா. இரண்டு பேரும் கையை நீட்டத் தயாராக நின்றார்கள். நான் அவர்களைத் தாண்டி வாசலை நோக்கி நடந்தேன்.

"எங்க போறே?" என்றார் என் கணவர்.

"மூத்தவங்க வெளிய இருக்காங்க" என்றேன்.

பெண்ணின் அப்பா எனக்கு வழிவிட்டு விலகி நின்றார்.

தட்டோடு நான் வருவதைப் பார்த்ததும் பெண் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். "நான் பாக்கல ஆன்டி" என்றாள். "மாமி, நீங்க தொட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மச்சாள் முக்காலியோடு பின்னால் நகர்ந்தார். கைகள் சேலைத் தலைப்புக்குள் போய்விட்டன. "நான் தொடப்படாது, பிள்ளை."

"நான் பாக்கக்கூடாது. நீங்க தொடக்கூடாது" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "தாலி எனக்கு. புள்ள உங்களுக்கு. அப்புறம் வேற யாரு மாமி தொடுறது?"

மச்சாள் என்னைப் பார்த்தார். தட்டைக் கொண்டுபோ என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். நான் தட்டை இன்னும் தாழ்த்திப் பிடித்தேன். பெண் கண் தெரியாதவளைப் போல் கையைத் துழாவிக்கொண்டு போய்ச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அவர் கையைக் கண்டுபிடித்தாள். இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தானாகத்தான் வெளியே வந்தது. சுட்டுவிரலை நீட்டி மச்சாள் பொன்னைத் தொட்டார்.

"சுடுகுது, பிள்ளை" என்றார்.

விரலை அவர் எடுக்கவில்லை.